முறுவல் - சிரிப்பா, பல்லா, புத்தகமா?

போன வாரம் ஆபீஸ் சாட்ல ஒரு நண்பர் கேட்டார், "இந்த :) குறிக்கு நல்ல தமிழ் வார்த்தை ஒண்ணு சொல்லுப்பா". புன்னகைன்னு சொன்னேன். "அப்போ முறுவல்னா என்ன?"ன்னு மடக்கிட்டார். ராத்திரி உட்கார்ந்து தேடினதில் சிக்கியதைச் சொல்றேன்.

தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து அது பிறக்குமாம். உரை எழுதிய பேராசிரியர் சிரிப்பையே மூன்று படியாகப் பிரிக்கிறார்: முறுவலிப்பது, அளவாகச் சிரிப்பது, பெருகச் சிரிப்பது. ஆக முறுவல் தான் முதல் படி.

புன்னகையும் கிட்டத்தட்ட அதே தான். 'புன்' என்றால் சிறிய. நம்ம சேலம், நாமக்கல் பக்கம் பத்திரத்துக்குப் பத்திரம் வருமே புஞ்சை, அந்தப் புன்செய்யில் இருக்கும் அதே புன்!

ஆனா முறுவலுக்கு இன்னொரு பொருளும் இருக்கு: பல். நகைக்கும் அப்படியே. பழைய தமிழில் பல்லுக்கும் சிரிப்புக்கும் ஒரே சொல்.

மூணாவது பொருள் தான் நான் எதிர்பார்க்காதது. முறுவல் என்பது ஒரு நாடக நூலின் பெயர். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம்னு நாலு நூல்களைச் சொல்றார். சில சூத்திரங்கள் மட்டும் தான் வழங்குது, முதலும் நடுவும் கடைசியும் காணோம், அதனால இவையும் அழிஞ்சு போச்சு போலன்னு வருத்தப்படறார். அவர் காலத்திலேயே அந்தக் கதி. அவர் கொங்கு நாட்டு நிரம்பைக்காரர்னு கொங்கு மண்டல சதகம் சொல்லுது. நம்மாளு!

இந்தப் பெயராவது நம்ம கைக்கு வந்ததில் ஒரு சேலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. 1880ல் கும்பகோணத்துக்கு முன்சீப்பா வந்த சேலம் இராமசாமி முதலியார், அங்கே கல்லூரியில் தமிழாசிரியரா இருந்த உ.வே.சா.விடம் என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டார். அவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம்னு அடுக்க, இதனால என்ன பிரயோஜனம்னு கேட்டுட்டு, சீவக சிந்தாமணியைப் படிக்கச் சொன்னார். சிந்தாமணி 1887ல் அச்சேறியது. 1892ல் அடியார்க்கு நல்லார் உரையோடு சிலப்பதிகாரம் வந்தது. அந்தக் கேள்வி கேட்கப்படலைன்னா, ஏட்டுச்சுவடியோட சேர்ந்து அந்தப் பெயரும் செல்லரிச்சுப் போயிருக்கலாம்.

எங்க ஊர்ப்பக்கம் முறுவல்னு யாரும் சொல்றதில்லை. 'சிரிச்ச மூஞ்சி' தான். பல்லு தெரிஞ்சா 'என்னடா இளிக்கற?'. எங்க அத்தை எதுக்குச் சிரிச்சாலும் முந்தானையால வாயை மூடிக்குவாங்க. வெட்கம்னு நினைச்சிருந்தேன். கொஞ்சம் வளர்ந்த பிறகு தான் காரணம் புரிஞ்சது: பல்லெல்லாம் பழுப்புக் கறை.

சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் பல ஊர்களில் கிணத்துத் தண்ணியிலும் போர் தண்ணியிலும் ஃப்ளோரைடு அதிகம். அடியில் இருக்கும் பாறையிலிருந்து கரைஞ்சு வருது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுங்கறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பல் உருவாகிற சின்ன வயசில் குடிச்சா கறை விழுந்திடும், தேய்ச்சாலும் போகாது. 2013ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக வந்தது இதனால தான்.

அகராதியில் பல்லும் சிரிப்பும் ஒரே சொல்லா இருக்கு. எங்க அத்தை ஆயுசு பூரா அது ரெண்டையும் பிரிச்சே வெச்சிருந்தாங்க. கல்யாண ஆல்பத்துல கூட உதடு திறக்காத சிரிப்பு தான்.

நண்பருக்கு இப்போ பதில் சொல்லிடலாம். :) குறியில் பல் தெரியாது. அதனால புன்னகைன்னே வெச்சுக்கப்பா. முறுவலை, வாய் விட்டுச் சிரிக்க முடியறவங்களுக்கு விட்டுடலாம்.