தொப்பி வைத்த உருவம்: மனநோயும் சர்ரியலிச ஓவியமும் பற்றி ஒரு விவாதம்

பாலக்காடு மாவட்டத்து ராயிரநெல்லூர் மலையில் ஆண்டுதோறும் துலா மாதம் முதல் நாள், அதாவது நம் ஐப்பசிப் பிறப்பையொட்டி, கூட்டம் ஏறுகிறது. பாறையை உச்சிவரை உருட்டிச் சென்று, கீழே உருளவிட்டுக் கைகொட்டிச் சிரித்த நாறாணத்துப் பிராந்தனின், அதாவது நாறாணத்துப் பித்தனின், மலை அது. பறையி பெற்ற பன்னிரு குலத்தாரில் ஒருவனான அவனை மலையாள மரபு ஞானியாகவே வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஞானத்தை விளக்குபவர்கள் நாம். கதையின் நடுவில் அவனுக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு சிரிப்புதான்.

ஓவியத்திலும் இதே கதைதான்: மனநோயுற்றோருக்கு, கனவையும் ஆழ்மனத்தையும் வரையும் சர்ரியலிச ஓவியம் குரல் கொடுக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கூற்றின் முன்பாதி எனக்கு ஏற்புடையது. 'கொடுக்கிறது' என்ற வினைச்சொல்லில்தான் தகராறு. தமிழ்நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்கத்தக்க பெயர் கே. ராமானுஜம்.

சென்னை அரசு கலை, கைவினைக் கல்லூரியில் பயின்றவர், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர், 1966இல் பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர். பேச்சில் குறை இருந்தது. மனச்சிதைவு என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிக்கின்றனர். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தம் உயிரை மாய்த்துக்கொண்டார். சி. மோகனின் 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' நாவல் அவர் வாழ்க்கையிலிருந்து எழுந்தது.

அவருடைய மைக் கோட்டோவியங்களில் வெற்றிடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோபுரமா மாளிகையா என்று சொல்ல முடியாத கட்டடங்கள், பறக்கும் உருவங்கள், பாம்புகள், அலங்கரித்த பெண்கள். இவற்றுக்கிடையே தொப்பி வைத்த ஓர் ஆள் அடிக்கடி வருகிறார். அவர் ராமானுஜமேதான். தெருவில் ஒதுக்கப்பட்டவர் தாளில் ஊர்வலத்தின் நாயகராகிறார். இதை ஆசை நிறைவேற்றம் என்று உளவியல் பேசி மூடிவிடலாம். ஆனால் கோட்டின்மேல் கோடு இழைத்து இருளையும் ஒளியையும் பிரித்த அந்தப் பொறுமையை எந்த நோயின் அறிகுறிப் பட்டியலில் சேர்ப்பது? அது கைத்தொழில். பேச்சு தடுக்கியவரின் கை தடுக்கவில்லை. நோய்க்கும் ஓவியத்துக்கும் தொடர்பே இல்லை என்று வாதிடவில்லை. ஒன்றை மற்றதன் மருத்துவ அறிக்கையாக வாசிக்கும் பழக்கத்தையே மறுக்கிறேன்.

அந்தப் பழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முதல் உலகப்போரின்போது 1916இல் சான் திசியே மனநலப் படைமருத்துவமனையில் பணியாற்றிய ஆந்திரே பிரெத்தோன், நோயாளிகளின் பேச்சில் கேட்டதை மறக்கவில்லை. 1924இல் சர்ரியலிச அறிக்கையை எழுதினார். இடையில், 1922இல், ஹைடெல்பெர்க் மருத்துவர் ஹான்ஸ் பிரின்ஸ்ஹோர்ன் மனநோயாளிகளின் ஓவியங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் அதைப் பாரீசுக்குக் கொண்டுபோனார். கலைஞர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்நூலில் வரைந்தவர்கள் புனைபெயரில்தான் இருந்தார்கள். அங்கே ஃபிரான்ஸ் போல் என்றிருப்பவர் உண்மையில் ஃபிரான்ஸ் கார்ல் பியூலர். நாஜிகள் 1940இல் அவரைக் கொன்றார்கள். அதே சேகரிப்பின் ஓவியங்களை 'சீரழிந்த கலை' கண்காட்சிக்கு எடுத்துப்போய், நவீன ஓவியர்களை இழிவுபடுத்தப் பயன்படுத்தினார்கள். புகழ்ந்தவருக்கும் பழித்தவருக்கும் அந்த ஓவியம் சான்றுப்பொருளாக இருந்தது. வரைந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

பணிக்கர் செய்தது இதனினும் சிறியது, ஆகவே பெரியது. ராமானுஜத்தை ஆய்வுப்பொருளாக்காமல் மாணவராக வைத்துக்கொண்டார். சக ஓவியர்கள் நடுவே அவருக்கு இடம் அமைந்தது. குரல் பிறந்ததென்றால் அது அந்த இடத்தில் பிறந்தது. சர்ரியலிசம் என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அப்படியானால் 1973? கலை அவரைக் காக்கவில்லையே என்று கேட்பது நியாயம். காக்கவில்லைதான். ஓவியம் சிகிச்சைக்கு மாற்று என்று சொல்பவரிடம் இந்த ஆண்டை நினைவூட்டுவது நம் கடமை.

இதைக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு யோசிக்கும்போது இன்னொரு சிக்கல் முன்னே நிற்கிறது. பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் இந்தப் பகுதியில் வீட்டில் தமிழ். அரசுத் தாளில் மலையாளம். "மனசு சரியில்லீங்க" என்று சொல்பவருக்கு, அதற்கு மேல் உள்ளதைச் சொல்லத் தாய்மொழியிலேயே சொல் தட்டுப்பாடு. அதையும் இன்னொரு மொழியில் எழுதிக்கொள்ளும் ஒருவரிடம் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 22ஆம் பிரிவில், சிகிச்சை பற்றிய தகவலை நோயாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அது மருத்துவரிடமிருந்து நோயாளிக்குப் போகும் பாதை. நோயாளியிடமிருந்து மருத்துவருக்கு வரும் பாதையில் படத்துக்கு வேலை உண்டு. மொழி முறியும் இடத்தில், தர்க்கத்துக்குக் கட்டுப்படாத சர்ரியலிச உருவம் தயங்காமல் நிற்கும்.

நிற்கும் என்பதாலேயே அது தானாக விளங்கிவிடாது. ஆகவே மனநல முகாம்களிலும் பகல்நேரப் பராமரிப்பு இல்லங்களிலும் படம் வரையவைப்போருக்கு ஒரு வேண்டுகோள். தாளின் பின்புறத்தில் நோயின் பெயரை எழுதாதீர்கள். வரைந்தவர் அதைப் பற்றிச் சொன்னதை, அவர் சொன்ன தமிழிலேயே, திருத்தாமல் எழுதுங்கள். பெயரைப் போடுவதா மறைப்பதா என்பதை அவரிடமே கேளுங்கள்.