சம்பா யாருடையது? – பிரேசில் வெகுசன இசையாய்வு பற்றிய ஒரு குறிப்பு

1916 நவம்பரில், டொங்கா என அறியப்பட்ட இசைஞர், 'பேலோ தெலெபோனே' என்னும் பாடலைத் தமது ஆக்கமென றியோ டி ஜனைரோவிலுள்ள தேசிய நூலகத்திற் பதிவு செய்தார். மறு ஆண்டில் அது இசைத்தட்டாகப் பெருவெற்றி பெற்றது. ஆயின், அது தனியொருவர் படைப்பன்று. பாஹியாவிலிருந்து குடிபெயர்ந்த தியா சியாத்தா என்னும் கறுப்பினப் பெண்மணியின் இல்லத்திற் கூடியோர் சேர்ந்து பாடி உருவாக்கியது என்ற எதிர்ப்பும் எழுந்தது. அடிமைமுறை ஒழிக்கப்பட்டு (1888) முப்பது ஆண்டுகள்கூட நிறைவுறாத காலம் அது. பிரேசிலின் வெகுசன இசையை ஆராய்வோர் இவ்வழக்கைத் தவிர்த்துச் செல்லுதல் அரிது.

ஆய்வின் தொடக்கமோ வேறு திசையில் அமைந்தது. மாரியோ டி அந்திராடே 1928இல் எழுதிய கட்டுரை தேசிய இசையின் ஊற்றை நாட்டார் மரபிற் கண்டது. வணிகமயமான நகரப் பாடலை அவர் ஐயத்துடனேயே நோக்கினார். அவரது முயற்சியால் 1938இல் வடகிழக்கிற்கும் வடக்கிற்கும் சென்ற ஆய்வுக்குழு அரிய ஒலிப்பதிவுகளைத் திரட்டியது. றெசிபேயில் பொலிசார் பறித்து வைத்திருந்த ஆபிரிக்க வழிபாட்டுப் பொருள்களும் அக்குழுவின் கைக்கு வந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

நகர இசையை வர்க்க நோக்கில் முதன்மைப்படுத்தியவர் பல்கலைக்கழகத்திற்கு வெளியே நின்ற பத்திரிகையாளர் டிஞொறோன். பொசா நோவாவை மத்தியதர வர்க்கத்தின் அமெரிக்க மோகமெனக் கண்டித்த அவரது வாதம் ஒருதலைப்பட்சமானதே. எனினும், உழைப்போரின் இசை யார் கைக்கு மாறுகின்றது என்ற வினாவை அவர் அழுத்தமாக எழுப்பினார்.

எர்மானோ வியான்னா (1995) இதனை மறுதலையாக அணுகினார். 1926இல் ஜில்பெர்ட்டோ பிறெய்றே முதலிய அறிஞர் பிஷிங்கின்யா, டொங்கா ஆகியோருடன் கூடிய இரவொன்றை முன்வைத்து, சம்பா தேசிய இசையானமை பல்வேறு குழுவினரின் ஊடாட்டத்தால் நிகழ்ந்ததென்றார். இக்கருத்து பயனுடையதே, எனினும் ஊடாடியோர் சமநிலையில் நிற்கவில்லை. கார்லோஸ் சந்திரோனி (2001) தாள அமைப்பையே ஆராய்ந்து, 1930ஐ ஒட்டி எஸ்தாசியோப் பகுதிக் கலைஞர் அதனை மாற்றியமைத்தமையைக் காட்டியதன் சிறப்பு இங்கேதான்: ஆக்கியோரின் கைவண்ணம் இசையிலேயே தெரிகின்றது.

இசைத்தட்டுகளை மட்டும் நம்பின், பதிவுக்கூடத்தை எட்டாதோர் விடுபடுவர். எனவே, 1966 முதல் றியோவின் ஒலி–ஒளி அரும்பொருளகம் பதிவுசெய்த வாய்மொழிச் சான்றுகள் எமக்கு இன்றியமையாதவை. ஜொவோவ் டா பையானா தமது கைப்பறையைப் பொலிசார் பறித்ததையும், செனற்றர் ஒருவர் புதியதொன்றை அளித்ததையும் நினைவுகூர்ந்தார். வியான்னாவின் ஆய்வுக்குச் செனற்றரின் பரிசு சான்றாகலாம். பரிசு தேவைப்பட்டதோ முதற்பறை பறிக்கப்பட்டதனால்.