பத்து மீனுக்கு ஒரு மீன் (அல்லது: உவரிக் கரையிலிருந்து இ.எம்.ஐ வரை)

உவரி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை கூட்டம் அப்படி. இன்னொரு பக்கம் சுயம்புலிங்க சுவாமி கோயில். இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு ஜோ டி குருஸ் ஞாபகம் வரலாம். 'ஆழி சூழ் உலகு' (2004), 'கொற்கை' (2009) எழுதியவர் பிறந்த ஊர் இது.

நான் எழுத வந்தது கோயில் பற்றியும் இல்லை, நாவல் பற்றியும் இல்லை. கடன் பற்றி. வீட்டுக்கடன் வாங்கியவர்கள் சந்தித்தால் வரும் கேள்வி ஒன்றுதான்: "வாயைக் கட்டி வயித்தைக் கட்டி சீக்கிரம் அடைச்சிரலாமா, இல்ல இருபது வருஷம் மெதுவா கட்டிக்கிட்டு, இருக்கிற காலத்துல நல்லா இருக்கலாமா?" ஏதோ வங்கிக்காரர்கள் வந்த பிறகு முளைத்த கேள்வி மாதிரி தெரியும். கிடையாது. நம்ம தென்கரையில் இது ரொம்பப் பழைய கேள்வி. அதற்கு நல்ல பதிலும் இந்தக் கடற்கரையில்தான் கிடைத்தது என்பது என் கட்சி. பார்ப்போம்.

முதலில் கடல் பக்கம்.

கட்டுமரமோ வள்ளமோ வலையோ வாங்க ஒரு மீனவருக்குப் பணம் வேண்டும். அடமானம் வைக்க நிலம் இல்லை. வங்கி அந்தக் காலத்தில் கரைப்பக்கம் எட்டிப் பார்க்காது. அதனால் வியாபாரியிடமோ ஏலம் விடும் தரகரிடமோ முன்பணம் வாங்குவார். பல நேரம் அதற்கு வட்டியே கிடையாது! "அடடா, எவ்வளவு நல்ல மனுஷன்" என்று தோன்றும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பிடித்த மீனை அவரிடமே கொடுக்க வேண்டும், அல்லது அவர் மூலமாகவே ஏலம் விட வேண்டும். விலை கொஞ்சம் குறையும், அல்லது கமிஷன் கழியும்.

ஒரு கணக்குப் போடுவோம். உதாரணத்துக்குத்தான். முன்பணம் 50,000 ரூபாய். கமிஷன் நூற்றுக்கு ஐந்து. வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மீன் என்றால் கமிஷன் மட்டும் 15,000. அதாவது 'வட்டியில்லாக் கடனுக்கு' 30 சதவீதம் போய்விட்டது. அசல் 50,000 அப்படியே நிற்கும், ஒரு பைசா குறையாது.

இதில் கவனிக்க வேண்டியது வட்டி கூட இல்லை. அந்த வியாபாரி கடனைத் திருப்பிக் கேட்கவே மாட்டார். கேட்பானேன்? கடன் தீர்ந்தால் மீன் வேறு ஆளிடம் போய்விடும். அவருக்கு வேண்டியது பணம் இல்லை, கடனாளி! இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வங்கிக்கதையில் வேலைக்கு ஆகும்.

இனி கரையை விட்டு உள்ளே, நிலத்துப் பக்கம் வருவோம்.

திருநெல்வேலிச் சீமையில் 'ஒத்தி' தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். இன்றைக்கு வீடு ஒத்திக்கு எடுப்பதுதான் அதிகம் பேச்சில் அடிபடுகிறது. பழைய காலத்தில் நிலத்தை ஒத்திக்கு வைப்பார்கள். பணம் கொடுத்தவர் வயலை அனுபவிப்பார், விளைச்சல்தான் வட்டி. பணத்தைக் கொடுத்தால் வயல் திரும்பும். நம்ம ஆட்கள் இதைக் 'கடன் கட்டுறது' என்று சொல்வதில்லை, 'மீட்கிறது' என்பார்கள். சரியான வார்த்தை.

ஆனால் மீட்பது லேசில்லை. வயலே அவர் கையில். அப்புறம் எதை விளைத்து எதை விற்றுப் பணம் சேர்ப்பது? சட்டம் என்ன சொன்னது? 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 60-ஆவது பிரிவு, அடமானம் வைத்தவருக்கு மீட்கும் உரிமை உண்டு என்றது. அந்த உரிமையை அடியோடு பறிக்கிற மாதிரி பத்திரத்தில் எழுதிக்கொண்டால் செல்லாது. சரிதான். ஆனால் அந்த உரிமை கெடு வந்த பிறகுதான். பத்து வருஷ ஒத்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டு மூணாம் வருஷமே பணத்தோடு போய் நின்றால், "போயிட்டு கெடுவுக்கு வாங்க அண்ணாச்சி" என்று சொல்ல வழி இருந்தது. சீக்கிரம் அடைப்பது உரிமையாக இல்லை, கொடுத்தவர் மனசு வைத்தால் உண்டு.

அடுத்த பெரிய படி 1938. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக (அப்போது முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர்) இருந்தபோது வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். பழைய கடனில் அசலைப் போல இரு மடங்கு ஏற்கனவே கட்டியாகிவிட்டதென்றால், கதை முடிந்தது, கடன் தீர்ந்தது என்றது. எத்தனையோ குடும்பம் மூச்சு விட்டது. ஆனால் சட்டத்தின் பெயரைப் பாருங்கள், விவசாயிகள். விளைநிலத்தில் பாத்தியதை உள்ளவருக்குத்தான் அது. கட்டுமரத்தை மட்டும் நம்பியவர் அந்த வரையறைக்குள் வர மாட்டார். கடல் மேல் பட்டா யார் கொடுப்பது?

ரொம்பப் பிந்தி, 2014-இல் உச்ச நீதிமன்றம் (சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கு), அனுபவ அடமானத்தில் இத்தனை வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் மீட்கும் உரிமை போய்விடாது என்று சொன்னது. ஒத்திக்காரர் முப்பது வருஷம் இருந்துவிட்டதாலேயே வயல் அவருடையது ஆகாது.

சரி, மறுபடி கடற்கரைக்கு.

"மீனவன் கையில காசு நிக்காது, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் செலவழிச்சே அழிவான்" என்று ஒரு பழைய பேச்சு உண்டு. வெளியூர்க்காரர்கள் சொல்வது. மாசச் சம்பளக்காரனுக்கு இது அப்படித்தான் தெரியும். ஒருநாள் மீன்பாடு அள்ளும். நாலு நாள் வெறும் வலை. காற்று காலத்தில் வாரக்கணக்கில் கடலுக்கே போக முடியாது. இப்படி வருமானம் உள்ளவரிடம் "மாசம் அஞ்சாம் தேதி இவ்வளவு கட்டு" என்றால் என்ன ஆகும்? இரண்டாவது மாசமே இன்னொரு இடத்தில் கடன் வாங்கித்தான் முதல் கடனுக்குக் கட்டுவார். ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை, தவணைதான் அவருக்குப் பொருந்தாதது.

இதற்குப் பதில் கிடைத்தது உவரிக்கு மேற்கே, கன்னியாகுமரியையும் தாண்டி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் மரியநாடு என்ற மீனவக் கிராமத்தில். 1960-களின் கடைசியில் அங்கே சமூகப் பணியாளர்களும் மீனவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைக்க ஆரம்பித்தார்கள். முதல் வேலையாக ஏலத்தைச் சங்கம் தன் கையில் எடுத்தது. வியாபாரியின் பிடி ஏலத்தில்தான் இருக்கிறது என்று சரியாகப் புரிந்துகொண்டார்கள். அடுத்து, உறுப்பினருக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்தார்கள். திருப்பிக் கட்டும் முறைதான் அழகு. தேதியும் கிடையாது, இவ்வளவு ரூபாய் என்ற தொகையும் கிடையாது. அன்றன்றைக்கு விற்ற மீனில் சுமார் பத்து சதவீதம் கடனுக்கு. கூடவே ஒரு சிறு பகுதி சேமிப்புக்கு.

2,000 ரூபாய்க்கு மீன் விற்றால் 200 கடனுக்குப் போகும். 300 ரூபாய்க்கு விற்றால் 30. வெறும் வலை என்றால் பூஜ்யம், யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். பாடு நன்றாக இருந்தால் கடன் தானாகவே சீக்கிரம் அடையும். இல்லாத நாளில் இருக்கிறதை வைத்து உலை கொதிக்கும். திருவிழாவை நிறுத்தச் சொல்லவில்லை, பிள்ளைக்குச் சட்டை எடுக்காதே என்று சொல்லவில்லை. பத்தில் ஒன்றை மட்டும் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். மீதியில் வாழ்க்கை.

இந்த மாதிரிச் சங்கங்கள் பெருகி, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு (சிஃப்ஸ் என்பார்கள்) உருவானது. கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும் வந்தது. எல்லாக் கரையிலும் வியாபாரி பிடி விட்டுப்போனது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடனும் அடைய வேண்டும் வீடும் சிரிக்க வேண்டும் என்றால் எப்படி என்பதற்கு இதைவிட எளிய கணக்கு நான் பார்த்ததில்லை.

இப்போது நம்ம வீட்டுக்கடன்.

1977-இல் எச்.டி.எஃப்.சி தொடங்கிய பிறகுதான் நடுத்தர வர்க்கத்துக்கு வீட்டுக்கடன் என்ற வாசல் மெல்லத் திறந்தது. 2000-க்குப் பிறகு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஆனால் சீக்கிரம் அடைக்கப் போனால் அபராதம்! மீதி அசலில் இரண்டு சதவீதம் வரை கூடக் கேட்டவர்கள் உண்டு. கடன் வாங்கியவன் கட்டாவிட்டால் அபராதம், நியாயம். கட்டினாலும் அபராதமா? அந்த முன்பண வியாபாரி ஞாபகம் வருகிறாரா? அதே ஆள்தான், கோட் சூட் போட்டிருக்கிறார் :-)

2011-இல் தேசிய வீட்டுவசதி வங்கி, வீட்டுக்கடன் நிறுவனங்களிடம் மாறும் வட்டிக் கடனுக்கு இந்த அபராதம் கூடாது என்றது. 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்கும் அதையே சொன்னது. 2025-இல் வந்த புதிய விதிகள் 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் கடன்களுக்கு இதை இன்னும் விரிவாக்கியிருக்கின்றன. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, கெடுவுக்கு முன்னாலேயே மீட்கும் உரிமை நம்மிடம் வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. வந்த உரிமையைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பானேன்?

கணக்கு இதோ. 20 லட்சம், 9 சதவீதம், 20 வருஷம். மாதத் தவணை சுமார் 17,995. முதல் மாதம் கட்டுவதில் 15,000 வட்டிக்கே போகும், அசலில் குறைவது 2,995 மட்டும். கடைசி வரை இப்படியே கட்டினால் மொத்தம் 43 லட்சத்துக்கு மேல். அதே ஆள் வருஷக் கடைசியில் ஒரே ஒரு தவணை கூடுதலாக அசலுக்குக் கட்டி வந்தால் சுமார் மூன்றரை வருஷம் முன்னாடியே கடன் தீரும். நாலரை லட்சத்துக்கு மேல் மிச்சம். போனஸில் ஒரு பங்கு, அவ்வளவுதான். தீபாவளியை ரத்து செய்ய வேண்டாம்.

எனக்குச் சரியாகப் படும் முறை இது. தொகையை நிச்சயம் பண்ணாதீர்கள், பங்கை நிச்சயம் பண்ணுங்கள். தவணைக்கு மேல் வரும் போனஸ், ஓவர்டைம், சீட்டுப் பணம் எதுவானாலும் ஒரு பங்கு கடனுக்கு. வராத வருஷம் கட்ட வேண்டாம், குற்ற உணர்ச்சியும் வேண்டாம். ஆறு மாசத்துக்கு வீடு நடத்தும் பணத்தைத் தொடாமல் வைத்துவிட்டுத்தான் இதெல்லாம். கிரெடிட் கார்டு கடன் இருந்தால் முதலில் அதை ஒழியுங்கள், வட்டி அங்கேதான் கொள்ளை. கட்டும்போது தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கூடுதலாகக் கட்டியதன் பலன் பாதி போய்விடும்.

உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலில் ஒரு நேர்த்திக்கடன் உண்டு. கடலிலிருந்து ஓலைப்பெட்டியில் மண் அள்ளிச் சுமந்து வந்து கரையில் கொட்டுவார்கள். இத்தனை பெட்டி என்று நேர்ந்துகொண்டு, ஒவ்வொரு பெட்டியாக. சாமிக்குப் பட்ட கடனையே நம்ம சனங்கள் பெட்டி பெட்டியாகத்தான் தீர்க்கிறார்கள். சுமந்து முடித்ததும் குளித்துவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடவும் செய்கிறார்கள். வங்கிக் கடனுக்கும் அந்த நிதானம் போதும்.