கையுறைக்கு முன்னால் கைப்பட்டி: குத்துப்பைப் பயிற்சியில் கைகளைப் பாதுகாப்பது எப்படி?

குத்துச்சண்டையோ கிக்பொக்சிங்கோ பழகத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது கையுறையைத்தான். அதற்கும் முன்னரே முற்றத்து மரத்தில் ஒரு உரப்பை தொங்கத் தொடங்கிவிடும். உள்ளே மணல், மேலே கயிறு, வெறுங்கை. செலவில்லாத பயிற்சி போலத் தெரியும். ஆனால், அதற்கான விலையைக் கை கொடுக்கிறது.

கூலிவேலை, கடற்றொழில், மேசன் வேலை, தையல் என்று கையால் உழைக்கும் வீடுகளில் ஒருவருடைய கையெலும்பு முறிந்தால், அது விளையாட்டுக் காயத்தோடு முடிந்துவிடுவதில்லை. குறைந்தது ஆறு கிழமைக்கு வருமானம் நின்றுவிடும். யுத்தத்தில் காலையோ கண்ணையோ இழந்து, மிஞ்சியிருக்கும் கைகளை நம்பி வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ஆகவே, கைப்பாதுகாப்பு என்பது வீரர்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரமல்ல. கையில் இருக்கும் சிறிய தொகையை எதற்கு முதலில் செலவிடுவது என்று தெரிந்திருந்தால் போதும்.

கைக்குள் என்ன நடக்கிறது?

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இவற்றில் எதுவும் பாரமான பொருளை அடிப்பதற்கென்று அமைந்ததல்ல. கையைப் பொத்தும்போது முன்னுக்கு நிற்கும் மொளிகளுக்குப் பின்னால் இருப்பவை அந்த ஐந்து உள்ளங்கை எலும்புகள்தான். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய இரண்டும் மணிக்கட்டோடு அசையாமல் இறுகியிருக்கும். அவற்றில் விழும் அடி நேராக முன்கைக்குள் இறங்கும். மோதிரவிரலுக்கும் சின்னிவிரலுக்கும் உரிய எலும்புகளோ மெல்லியவை, அசையக்கூடியவை. அடி அந்தப் பக்கம் விழுந்தால் சின்னிவிரல் மொளிக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிகிறது.

மருத்துவத்தில் இதற்குக் ‘குத்துச்சண்டை வீரர் முறிவு’ என்றே பெயர். ஆனால், இந்த முறிவோடு வைத்தியசாலைக்கு வருபவர்களில் பலர் வீரர்களே அல்ல. கோபத்தில் சுவரையோ கதவையோ குத்தியவர்கள். மனப்பாரத்தை இறக்கவென்று பையைக் குத்தப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கோபம் தலைக்கேறிய நேரத்தில் கையைக் கட்டிக்கொள்ளும் பொறுமை இருக்காது. மணிக்கட்டு நேராக இருக்கிறதா என்ற கவனமும் இருக்காது. கையைக் கட்டி முடிக்க ஐந்து நிமிடம் தேவைப்படும். அந்த ஐந்து நிமிடமே ஒரு பாதுகாப்புத்தான்.

முதலில் பையைப் பாருங்கள்

‘சாண்ட்பாக்’ என்ற பெயரே பலரைத் தவறாக வழிநடத்துகிறது. முழுக்க மணல் நிரப்பிய பையை எந்தக் கையுறையாலும் முற்றாக ஈடுசெய்ய முடியாது. தொங்கத் தொங்க மணல் கீழே இறங்கி இறுகும். சில கிழமைகளில் பையின் அடிப்பாகம் சீமெந்துக் கட்டைபோல ஆகிவிடும். மழையில் நனைந்தால் இன்னும் மோசம்.

நல்ல பை துணியால் நிரப்பப்படுகிறது. தையல்கடைகளில் ஒதுக்கும் வெட்டுத்துணிகள், பழைய உடுப்புகள் போதும். தெறிகள், சிப்புகள், கொக்கிகள் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, சிறிது சிறிதாகப் போட்டு ஒரு தடியால் இடித்து இறுக்க வேண்டும். பாரம் போதாவிட்டால் மரத்தூளையோ கொஞ்ச மணலையோ சிறு பைகளில் கட்டி நடுவில் வைக்கலாம். சுற்றிவரத் துணி இருக்க வேண்டும். பையின் நிறை பயிற்சி செய்பவரின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி என்பது பயிற்றுவிப்பாளர்கள் பரவலாகச் சொல்லும் அளவு. 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு 30 கிலோ பை. புதிதாகத் தொடங்குபவருக்கு அதிலும் குறைவாக இருப்பதில் தவறில்லை. பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். எந்த இடத்திலாவது அமுங்காவிட்டால், அந்த இடத்தில் குத்தக்கூடாது.

கைப்பட்டி: எலும்புகளைச் சேர்த்துப் பிடிப்பது

கையுறையின் வேலை அதிர்ச்சியைக் குறைப்பதும் தோலைக் காப்பதும். தனித்தனியாக நிற்கும் எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டு மடியாமல் தாங்குவது கைப்பட்டிதான். பட்டி இல்லாமல் விலையுயர்ந்த கையுறை போட்டாலும் உள்ளே எலும்புகள் தளர்ந்தே இருக்கும்.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 5 சென்றிமீற்றர் அகலமானவை. நீளம் 3 மீற்றர் அல்லது 4.5 மீற்றர். வளர்ந்தவர்களுக்கு 4.5 மீற்றர் வேண்டும். 3 மீற்றர் சிறுவர்களுக்கும் மிகச் சிறிய கைகளுக்கும் உரியது. சற்று இழுபடும் பருத்திப் பட்டி கையோடு நன்றாகப் படியும். இழுபடாத தனிப் பருத்தி நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கட்டப் பழக வேண்டும். உள்ளே ஜெல் வைத்த, கையில் மாட்டும் உறைகளும் விற்கப்படுகின்றன. அவசரத்துக்கு வசதி, மணிக்கட்டை அவ்வளவு இறுகப் பிடிக்காது.

வாங்க வசதியில்லாவிட்டால் பழைய பருத்திச் சேலையை நீளவாக்கில் 5 சென்றிமீற்றர் அகலத்தில் கிழித்து, ஓரத்தைத் தைத்து, ஒரு நுனியில் பெருவிரல் நுழையும் வளையம் வைக்கலாம். பாமசியில் வாங்கும் கிறேப் பன்டேஜும் தற்காலிகமாக உதவும். ஆனால், அது விரைவில் இழுவையை இழந்து பயிற்சிக்கு நடுவில் தளர்ந்துவிடும்.

கட்டும் முறை இது. விரல்களை அகல விரித்து வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தைப் பெருவிரலில் மாட்டி, பட்டியைப் புறங்கை வழியாகக் கொண்டுபோய் மணிக்கட்டில் 3 அல்லது 4 சுற்று. சுற்று மூட்டுக்கு மேலேயும் கொஞ்சம் ஏற வேண்டும். அடுத்து மொளிகளைச் சுற்றி 3 சுற்று. பின்பு விரல்களுக்கு இடையிலுள்ள மூன்று இடைவெளிகளிலும் ஒவ்வொரு தடவை நுழைத்து, ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுக்குத் திரும்புங்கள். பெருவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் மொளிகளுக்கு வந்து, மிச்சத்தை மணிக்கட்டில் முடியுங்கள்.

கையைப் பொத்தும்போது பட்டி இறுக வேண்டும், விரிக்கும்போது இலேசாக வேண்டும். ஒரு நகத்தை அழுத்தி விட்டால் வெளிறிய நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்ப வர வேண்டும். வராவிட்டால், அல்லது விரல்நுனி விறைத்தால், அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

கையுறை: அவுன்ஸ் கணக்கும் பொருத்தமும்

குத்துச்சண்டையில் கையுறையைக் கட்டாயமாக்கியது 1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள். வெறுங்கைச் சண்டையில் அடிப்பவரின் கையே அடிக்கடி உடைந்தது. கையுறை முதலில் காப்பது அடிப்பவரின் கையைத்தான். குத்துப்பைப் பயிற்சியில் அதற்கு வேறு வேலையே இல்லை.

கையுறையில் எழுதியிருக்கும் ‘அவுன்ஸ்’ அதன் அளவல்ல, நிறை. 12 அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 340 கிராம். 60 கிலோவுக்குக் குறைந்தவர்கள் குத்துப்பைக்கு 10 அல்லது 12 அவுன்ஸ், 60 முதல் 80 கிலோ வரையானவர்கள் 12 அல்லது 14, அதற்கு மேற்பட்டவர்கள் 14 அல்லது 16 எடுப்பது பொதுவான வழக்கம். சிறுவர்களுக்கு 6, 8 அவுன்ஸ்களில் கிடைக்கும். அவர்களின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் கையுறை எதுவானாலும் பலமாகக் குத்தவிடக் கூடாது. தொலைக்காட்சியில் காணும் தொழில்முறைப் போட்டிகளில் 8 அல்லது 10 அவுன்ஸ் கையுறைகளே அணிகிறார்கள். அவை ஓர் இரவுச் சண்டைக்கு உரியவை. நாளாந்தப் பயிற்சிக்கு அவற்றைப் பின்பற்ற வேண்டாம். ஒரே சோடியில் பையையும் குத்தி, ஆளோடும் பழக வேண்டியிருந்தால் 16 அவுன்ஸ் எடுங்கள். ஆனாலும் பையில் அடிபட்டு ஸ்பொஞ்ச் இறுகிய கையுறையோடு எதிராளியின் முகத்தைக் குத்தக் கூடாது.

கடைக்குப் போகும்போது கைப்பட்டியையும் கொண்டுபோங்கள். பட்டி கட்டிய கையோடுதான் கையுறையைப் போட்டுப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவை:

- விரல்நுனி கையுறையின் முனையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கையைப் பொத்த வலிந்து முயல வேண்டியிருந்தால் அது உங்களுக்குரியதல்ல.
- மொளிகள் படும் இடத்தை வெளியிலிருந்து பெருவிரலால் பலமாக அழுத்துங்கள். உள்ளே இருக்கும் எலும்பு தெரிந்தால் ஸ்பொஞ்ச் போதாது. விட்டதும் உடனே பழைய நிலைக்கு வர வேண்டும்.
- மணிக்கட்டுப் பட்டி அகலமாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். கையை முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். இலகுவாக மடிந்தால் வேண்டாம்.
- பெருவிரல் பகுதி மற்ற விரல்களோடு தைத்து இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெருவிரல் பையில் மாட்டிப் பின்னுக்கு மடியும்.
- தனியே பயிற்சி செய்பவருக்கு வெல்க்ரோ. நாடா கட்டும் கையுறைக்கு இன்னொருவரின் உதவி வேண்டும்.

தோல் கையுறை நீண்ட காலம் உழைக்கும். றெக்சின் மலிவு, ஆனால் எங்களுடைய வெக்கையில் விரைவில் வெடிக்கும். மேலுறையைவிட உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சுதான் முக்கியம். பெண்கள் கவனிக்க வேண்டியது உள்ளங்கையின் அகலம். ஆண்களுக்கென அளவெடுத்த கையுறைக்குள் கை அங்குமிங்கும் அசைந்தால், ஒவ்வொரு குத்திலும் மணிக்கட்டுத் திருகும். பெண்களுக்கோ இளையோருக்கோ என்று செய்யப்பட்ட ஒடுக்கமான கையுறையைக் கேளுங்கள்.

கிரிக்கெட் துடுப்பாட்டக் கையுறை, பாரம் தூக்கும் கையுறை, மோட்டார்சைக்கிள் கையுறை எதுவும் இதற்கு ஆகாது. அவை குத்துவதற்கென்று செய்யப்பட்டவையல்ல. விரல்கள் வெளியே தெரியும் 4 அவுன்ஸ் கையுறைகள் பிடித்து மடக்கும் சண்டைக்கு உரியவை. பாரமான பைக்கு அவை போதாது.

யுத்தக் காயம் உள்ள கைகள்

விற்பனையாளர்களோ இணைய வழிகாட்டிகளோ சொல்லாத ஒரு விடயம் எங்களுக்குத் தேவை. கையில் அல்லது முன்கையில் செல்துண்டு இருப்பவர்கள், எலும்பு முறிந்து பொருந்தியவர்கள், உள்ளே கம்பியோ தகடோ வைத்தவர்கள், பையைத் தொடுவதற்கு முன் எக்ஸ்ரே ஒன்று எடுத்து எலும்பு முறிவு கிளினிக்கில் காட்ட வேண்டும். பல வருடங்களாகத் தொந்தரவு தராத துண்டும், மூட்டுக்கோ நரம்புக்கோ அருகில் இருந்தால், தொடர்ந்த அதிர்ச்சியில் தொந்தரவு தரலாம்.

அதைவிட ஆபத்தானது உணர்ச்சி குறைந்த கை. நரம்பு பாதிக்கப்பட்டவருக்குச் சின்னிவிரல் பக்கமோ பெருவிரல் பக்கமோ மரத்திருக்கலாம். வலிதான் கையின் எச்சரிக்கை மணி. அந்த மணி அடிக்காத கையில் எலும்பு வெடித்தாலும் தெரியாமல் மேலும் மேலும் குத்துவார். கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருவரைக் கொண்டு ஒவ்வொரு விரல்நுனியையும் பஞ்சால் மெதுவாகத் தொடச் செய்யுங்கள். தொடுவது தெரியாத விரல் இருந்தால், வைத்தியரின் சம்மதமின்றி அந்தக் கையால் குத்த வேண்டாம். சம்மதம் கிடைத்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு பட்டியை அவிழ்த்து வீக்கம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

விரல் இழந்தவர்களுக்குக் கையுறைக்குள் வெற்றிடம் உண்டாகும். அதில் துணிச்சுருள் வைத்து, கை அசையாதபடி நிரப்பலாம். தோல் ஒட்டுச் சிகிச்சை செய்த இடம் உரசலைத் தாங்காது. பட்டிக்குக் கீழே மெல்லிய பருத்தி உறையொன்று வேண்டும். ஒரே கையுள்ளவர் இலேசான பையையும் பாரமான கையுறையையும் தெரிவுசெய்ய வேண்டும். அந்தக் கைக்கு மாற்றுக் கை இல்லை.

பொதுக் கையுறையும் பராமரிப்பும்

பாடசாலைகளிலும் கழகங்களிலும் சில சோடிக் கையுறைகளைப் பலர் பாவிக்க வேண்டியிருக்கும். ஒருவரின் வியர்வை அடுத்தவரின் தோலுக்குப் போகும்; சிரங்கும் படர்தாமரையும் அப்படியே பரவும். ஒவ்வொருவரிடமும் சொந்தக் கைப்பட்டி இருந்தால் இது பெருமளவு குறையும். பட்டியை ஒவ்வொரு நாளும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். கையுறையை அகலத் திறந்து, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி வைத்து, நிழலில் காற்றோட்டமாக உலர விடுங்கள். கடும் வெயில் தோலை வெடிக்கச் செய்யும். மொளியில் தோல் உரிந்தவர் அது ஆறும்வரை பையைத் தொடக்கூடாது.

முதல் மாதம் இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்றோ நான்கோ போதும். அதுவும் அரைப் பலத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள். பெருவிரல் விரல்களுக்கு வெளியே மடிந்திருக்க, மணிக்கட்டு நேராக நிற்க, சுட்டுவிரல் மற்றும் நடுவிரல் மொளிகளால் அடிக்க வேண்டும். தசை சில கிழமையில் பலப்படும். எலும்புக்கும் மூட்டுக்கும் மாதங்கள் வேண்டும்.

எப்போது வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

ஒரு மொளி உள்ளே இறங்கியிருந்தால், புறங்கை வீங்கி ஒரே எலும்பின்மேல் வலித்தால், கையைப் பொத்தும்போது ஒரு விரல் மற்றதன்மேல் ஏறினால் அன்றே போங்கள். நடுமொளியின் மேலுள்ள நரம்புபோன்ற தசைநாண் பக்கவாட்டில் நழுவினாலும் காட்ட வேண்டும். பெருவிரலின் அடியில், மணிக்கட்டோடு சேரும் குழியில் அழுத்த வலித்தால் படகு எலும்பு முறிந்திருக்கலாம். அந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். வலி மாறாவிட்டால் இரண்டு கிழமைக்குள் திரும்பவும் எடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் எலும்பு பொருந்தாமல் மணிக்கட்டே நிரந்தரமாகப் பழுதடையலாம். எண்ணெய் பூசி இழுத்துக் கட்டுவதற்கு முன் எக்ஸ்ரே எடுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் இல்லை.

கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறது என்றால் வரிசை இதுதான். மணலைக் கொட்டிவிட்டுத் துணியால் பையை நிரப்புங்கள், அதற்குச் செலவில்லை. அடுத்து 4.5 மீற்றர் கைப்பட்டி ஒரு சோடி. பிறகு காசு சேர்த்து, பொருந்துகிற ஒரு நல்ல கையுறை. அதுவரை நிழற்குத்தும் கயிறு பாய்தலும் கால்நகர்த்தலும் பழகலாம். குத்துச்சண்டையில் பெரும்பகுதி அவைதான்.