சங்கு நர்சரிக்குள் வந்த கதை

எங்கள் கௌதள்ளி வீட்டில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டார் கொண்டுவரும் சாமான்களில், குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு இருந்தே ஆகவேண்டும். வசதி இருந்தால் வெள்ளி, இல்லையென்றால் பித்தளை. எங்கள் ஊர் அப்போது சேர்ந்திருந்த கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. அதனால் தெருவில் தமிழ், கன்னடம் இரண்டு பேச்சும் உண்டு. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் சங்கை ஒளலெ என்பார்கள்.

அப்புறம் டப்பாப்பால் வந்தது. எருமைப்பாலில் குழந்தை உணவு செய்யும் முறையை உருவாக்கியது நம் மைசூர் உணவு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.தான், அமுல் அதைத் தயாரித்து விற்றது. டப்பாவோடு பாட்டிலும் நுழைய, சங்கு பரணுக்குப் போனது. பாட்டில் விளம்பரத்தைத் தடுக்க 1992இல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

நான் நர்ஸாக இருந்த பச்சிளங்குழந்தை நர்சரியில் சங்குக்குப் பாலாடை என்று பெயர். ஸ்டீல், கொதிக்கவைத்துத்தான் எடுப்போம். நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள குறைமாதக் குழந்தைகளிடம்தான் அதன் அருமை தெரியும். 1967இல் அமெரிக்காவில் டாக்டர் நார்த்வேயும் அவரோடு இருந்தவர்களும் இந்நோயை விவரித்தார்கள்: உயிரைக் காப்பாற்றிய வென்டிலேட்டரும் ஆக்சிஜனுமே நுரையீரலைப் புண்ணாக்கிவிடுகின்றன. குடித்த பாலின் சத்தில் ஒரு பங்கு மூச்சு விடவே கூடுதலாகச் செலவாகும். நிறையக் கொடுக்கலாமென்றால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே அளவு குறைவு, சத்து அதிகம். பிழிந்த தாய்ப்பாலில் சத்துப்பொடி கலந்து முதலில் குழாய்வழி. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு மூன்றும் கர்ப்பக் கணக்கில் சுமார் 34 வாரத்தில் இசைந்து வந்தபின் வாய்வழி.

தலையைத் தூக்கிப் பிடித்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். மூக்குத்துவாரம் விரிந்தாலோ, மானிட்டரில் ஆக்சிஜன் இறங்கினாலோ நிறுத்திவிடுவோம். மூச்சு ஆறட்டும், பால் ஆறினாலும் பரவாயில்லை.

பாட்டில், கப் இரண்டையும்விடப் பாலாடையில் குழந்தைகள் அதிகம் குடித்தன என்றது 1999இல் வந்த இந்திய ஆய்வொன்று. 2007இல் லண்டனில் பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள்: சிந்தியது அதிகம், நேரமும் அதிகம், குழந்தைக்கும் திணறல். என்னைக் கேட்டால் கை வித்தியாசம். சங்கைப் பிடித்துப் பழகிய பாட்டி லண்டனில் எத்தனை பேருக்கு இருந்திருப்பாள்?

அந்தப் பாட்டிகளோடுதான், குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் நாளில், எங்களுக்குச் சண்டையும். சங்கைக் கண்டதும் அவர்களுக்கு விளக்கெண்ணெய் புகட்டும் ஞாபகம் வந்துவிடும். மூச்சுக்குழலுக்குள் எண்ணெய் இறங்கினால் நிமோனியா. ஏற்கெனவே நைந்த நுரையீரல் தாங்காது.

“உன்னையும் இப்படித்தானேம்மா வளர்த்திருப்பாங்க?” என்பார்கள்.

“நான் மாசம் முடிஞ்சு பிறந்தவ, பாட்டி” என்பேன்.