காற்றிலிருந்து வீட்டுக் குடிநீர்: கண்ணமங்கலத்துக் கணக்கு

காற்றிலுள்ள நீராவியைக் குளிரவைத்துக் குடிநீர் எடுக்கும் எந்திரத்தில் மாயம் ஒன்றும் இல்லை. ஏசி செய்யும் வேலைதான். மின்விசிறி இழுக்கும் காற்று குளிர்ந்த சுருளில் பட்டு வியர்க்கிறது. சொட்டும் நீர் வடிகட்டியையும் புறஊதா விளக்கையும் கடந்து தொட்டிக்கு வருகிறது. ஏசி குழாயிலிருந்து தெருவில் சிந்துவதும் இதே நீர்தான், தூசி படிந்த சுருளைத் தொட்டு வருவதால் குடிக்க உதவாது. 2019 டிசம்பரில் செகந்திராபாத் ரயில் நிலையத்தில் 'மேகதூத்' என்ற பெயரில் இத்தகைய எந்திரம் ஒன்று நாளுக்கு 1,000 லிட்டர் அளவில் நிறுவப்பட்டது. சென்னை ஐஐடியில் உருவான வாயுஜல் நிறுவனமும் இவற்றைச் செய்கிறது. ரயில் நிலையத்தில் இதற்குப் போட்டி பாட்டில் தண்ணீர். வீட்டிலோ குழாயும் கேனும் போட்டி; அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

ஒரு லிட்டர் நீருக்கான நீராவியைத் திரவமாக்கச் சுமார் 0.68 யூனிட் அளவு வெப்பத்தை அதிலிருந்து பிரித்தெடுத்தாக வேண்டும். குளிர்பதன எந்திரம் தான் செலவிடும் மின்சாரத்தைப் போல் சில மடங்கு வெப்பத்தை அப்புறப்படுத்தும் என்பதால், நல்ல ஈரக்காற்றில் அரை யூனிட்டுக்குள்கூட லிட்டர் கிடைக்கலாம். ஆனால் ஆரணிக்கு அருகே உள்ள கண்ணமங்கலம் கடற்கரை ஊரல்ல. கோடைப் பிற்பகலில் வெப்பம் 38 டிகிரி, ஈரப்பதம் 40 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது ஏறத்தாழ 18 கிராம் நீர். அந்தக் காற்று 22 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கும்வரை ஒரு சொட்டும் விழாது. 10 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் பாதிதான் கிடைக்கும். குளிரூட்டும் உழைப்பில் பாதிக்கு மேல் வெறுங்காற்றைக் குளிர்விப்பதிலேயே போய்விடுகிறது. தாகம் மிகுந்த மாதத்தில்தான் தண்ணீரின் விலையும் ஏறுகிறது.

லிட்டருக்கு அரை யூனிட் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு நாளுக்கு 20 லிட்டர். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். "நெசவாளர் வீட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கிறதே" என்பது பட்டு நெசவு நடக்கும் ஆரணிப் பக்கத்தில் எழக்கூடிய நியாயமான கேள்விதான். கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். எந்திரம் தனியாகவே அதைப்போல் இரு மடங்கு கேட்கிறது. மற்ற வீடுகளுக்குள்ள 100 யூனிட் இலவசம் பத்தே நாளில் தீரும். 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளின் விலையும் கூடுகிறது. 2024 கட்டணப்படி அதற்கு மேல் யூனிட் எட்டரை ரூபாய்க்குக் குறையாது. அந்தப் படியில் விழும் லிட்டருக்கு மின்சாரமே நாலு ரூபாய்க்கு மேல். 60,000 ரூபாய் எந்திரம் எட்டு ஆண்டு நாள் தவறாமல் ஓடினால் இன்னொரு ரூபாய் சேர்த்துக்கொள்ளலாம். வடிகட்டி, விளக்கு, மெக்கானிக் கூலி எல்லாம் தனி.

மின்வாரிய பில்லில் வராத செலவும் உண்டு. எந்திரத்தை அறைக்குள் வைத்தால், லிட்டருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் வெப்பம் அங்கேயே தங்கும், ஒரு மணி நேரம் இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்ததைப் போல. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் காற்று முழுவதிலும் முக்கால் லிட்டர் நீர்கூட இருக்காது. ஆகவே சன்னல் திறந்தே இருக்க வேண்டும். பட்டுத் தறி உள்ள வீட்டில் இந்த எந்திரம் இன்னும் விபரீதம். குழித்தறியில் பாவு தரையின் ஈரத்தை ஒட்டி நிற்கிறது. காற்று வறண்டால் பட்டிழை அறும், அறுந்ததை முடிபோட்டே பொழுது போகும். அந்த ஈரத்தையா உறிஞ்சுவது?

சூரிய மின்தகடு போட்டால் இலவசம்தானே என்பார்கள். ஒரு கிலோவாட் தகடு இங்கே நாளுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் தரும்; 20 லிட்டருக்கு இரண்டரை கிலோவாட் வேண்டும். அதே பத்து யூனிட்டைக் கொண்டு நெம்மேலியில் உள்ளதைப் போன்ற சுத்திகரிப்பு ஆலை கடல்நீரிலிருந்தே 2,500 லிட்டர் அளவு நன்னீர் எடுத்துவிடும். உவர் ஊற்றுக்கு இன்னும் குறைவாகவே போதும். ஆகவே கிணற்று நீர் கெட்டுப்போயிருக்கிறது என்ற வாதமும் சுத்திகரிப்புக்கே வலு சேர்க்கிறது. அருகில் எந்த நீரும் இல்லாத பாறைத்தீவுக்கோ எல்லைக் காவல் முகாமுக்கோ இந்த எந்திரம் தகும். ஜவ்வாது மலைப் பக்கமிருந்து நாகநதி வரும் ஊருக்கு, அது பெரும்பாலும் மணலாகக் கிடந்தாலும், தகாது. 500 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு மீட்டர் மழை விழுந்தால் 46,000 லிட்டர். நாளுக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுத் தேவை 7,300. 2003 முதல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான், ஆனால் பெரும்பாலான குழாய்கள் மண்ணுக்குள் போகின்றன. அந்த 60,000 ரூபாயை மூடிய தொட்டிக்கும், முதல் மழையை வெளியே விடும் வால்வுக்கும் போட்டால் மின்சாரமே வேண்டாம்.