ஆட்டக்காரனும் பிரஜா உரிமையும்: லிண்டி டெலபென்ஹா முதல் ரிக்கார்டோ கார்ட்னர் வரை

ஐரோப்பியக் கால்பந்தாட்ட மைதானங்களில் பெயர் பெற்ற ஜமைக்கா வீரர்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும், வறுமையிற் பிறந்து தன் கால்வன்மையொன்றையே முதலாகக் கொண்டு கடல் கடந்து கீர்த்தியெய்திய தனிமனிதன் கதையாக அதை எழுதுகின்றனர். அல்லது, இன்னார் முதல்வர், இன்னார் அவர்க்குப் பின்வந்தவர் என்று பெயர்களை நிரல்படுத்தி அமைகின்றனர். அவ்விரு முறைகளிலும் பெரியதொரு விஷயம் விடுபட்டுப் போகிறது. கிங்ஸ்டன் நகரத்து மைதானமொன்றில் ஆடும் இளைஞன் இங்கிலாந்துச் சங்கமொன்றின் சட்டையை அணிவதற்கு இடையே அவனுடைய திறமையைப் போலவே வலிமையுடைய பிறிதொரு சக்தி நிற்கிறது. எந்நாட்டுப் பிரஜை அவன், எந்தச் சட்டத்தின்படி அந்நாட்டிற் பிரவேசிக்கிறான் என்னும் கேள்விகளுக்குரிய விடையே அச்சக்தி. ஜமைக்கா வீரர்களின் ஐரோப்பிய வாழ்வை அச்சட்டங்களின் ஒளியில் படித்தாலன்றி அதன் போக்கு விளங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். 1948-இல் ஒருவரும் 1998-இல் ஒருவருமாக, சரியாக ஐம்பதாண்டு இடைவெளியில் இங்கிலாந்துச் சங்கங்களிற் சேர்ந்த இரு வீரர்கள் அதற்குச் சான்றாவர்.

முதல்வர் லிண்டி டெலபென்ஹா. லாயிட் லிண்ட்பர்க் டெலபென்ஹா என்பது அவருடைய முழுப்பெயர். சார்லஸ் லிண்ட்பர்க் தனியே விமானமோட்டி அட்லாண்டிக் மாகடலைக் கடந்த அதே மாதத்தில், 1927 மே 25-இல், அவர் கிங்ஸ்டனிற் பிறந்தார். செயின்ட் எலிசபெத் பகுதியின் குன்றுகளின்மேல் அமைந்த மன்ரோ கல்லூரியிற் பயின்று, பள்ளிகளுக்கிடையிலான ஓட்டப் பந்தயங்களில் தீவு முழுவதும் அறியப்பட்ட வீரராக விளங்கினார். ஆங்கிலேயப் பள்ளிகளின் சாயலில், விளையாட்டையும் கல்வியின் ஓர் அங்கமாக வைத்து, குடியேற்ற நாட்டின் நடுத்தர வகுப்பாரை ஆளாக்குவதற்கென அமைந்த ஸ்தாபனங்களுள் அக்கல்லூரியும் ஒன்று. போர் முடிந்த காலத்தையொட்டி அவர் பிரிட்டனுக்குச் சென்று இராணுவத்திற் சேர்ந்தார். மத்திய கிழக்கில் பணியாற்றியபோது படையினரின் ஆட்டங்களிற் காட்டிய திறம் சங்கங்களின் கண்ணிற்பட்டது. 1948 ஏப்ரலில் போர்ட்ஸ்மவுத் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அந்தத் தேதியைச் சற்றே நின்று நோக்கவேண்டும். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தோரின் சரித்திரம், எம்பயர் விண்ட்ரஷ் என்னும் கப்பல் டில்பரித் துறையை அடைந்த 1948 ஜூனிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது மரபாகிவிட்டது. டெலபென்ஹா அதற்கு இரண்டு மாதம் முன்னரே தொழில்முறை ஆட்டக்காரராகிவிட்டார். ஆகவே அவரை அந்தப் பெருங்குடிபெயர்வின் விளைவாகக் கருதுவது தவறு. அவர் சென்றது பள்ளியும் படையும் அமைத்துக் கொடுத்த பாதை; சாம்ராஜ்யம் தன் தேவைக்காக இட்ட பாதை; மிகச் சிலரே நடக்கத்தக்க குறுகிய பாதை.

அவருடைய வருகைக்கு வாயிலைத் திறந்துவைத்த சட்டநிலையும் கருதற்குரியது. 1931-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் கால்பந்தாட்டச் சங்கத் தலைமை, பிரிட்டிஷ் பிரஜையாகப் பிறவாத தொழில்முறை வீரன் எவனும் அந்நாட்டில் இரண்டாண்டு வசித்தாலன்றித் தன் ஆளுகைக்குட்பட்ட போட்டிகளில் ஆடலாகாது என்று விதித்திருந்தது. 1978 வரை அவ்விதி நீடித்தது. அதன் பயனாக, ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் கூப்பிடு தூரத்திலிருந்த பிரெஞ்சுக்காரனும், இத்தாலியனும், ஸ்பானியனும் அயலாராய் வெளியே நிற்க, நாலாயிரத்துக்கு மேற்பட்ட மைல்களுக்கு அப்பாலிருந்து வந்த ஜமைக்காக்காரர் உள்நாட்டவராய் உள்ளே நுழைந்தார். குடியேற்ற ஆட்சி மக்களுக்கு இழைத்த கொடுமைகள் பல. ஆயினும் அந்த ஆட்சியின் சட்டக் கணக்கில் டெலபென்ஹா அந்நியரல்லர் என்பதே அவருடைய வாழ்வின் ஆதாரமாயிற்று.

சட்டம் திறந்துவிட்ட வாயிலை மனிதர்கள் அடைத்துவிடுவதும் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. ஜமைக்கத் தந்தைக்கு லண்டனிற் பிறந்து பிளிமவுத் ஆர்கைல் சங்கத்தில் புகழுடன் ஆடிய ஜாக் லெஸ்லி, 1925-இல் இங்கிலாந்து அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பின், அவருடைய நிறத்தைத் தேர்வாளர்கள் அறிந்த அளவில் விலக்கப்பட்டார். பிரஜை என்னும் பதம் நுழைவுரிமையைத் தந்ததேயன்றி மரியாதையைத் தரவில்லை. டெலபென்ஹாவின் தலைமுறையினர் இந்த இரட்டை நிலையிலேதான் ஆடினர்.

போர்ட்ஸ்மவுத் சங்கம் 1949-லும் 1950-லும் அடுத்தடுத்து லீக் பட்டத்தை வென்றது. பீட்டர் ஹாரிஸ், டக்கி ரீட் முதலானோர் முன்வரிசையில் வேரூன்றியிருந்த அந்த அணியில் டெலபென்ஹாவுக்கு ஒரு சில ஆட்டங்களே வாய்த்தன. அவருடைய உண்மையான தொழில்வாழ்வு, 1950-இல் அவர் வடகிழக்கிலுள்ள மிடில்ஸ்பரோ சங்கத்துக்குச் சென்றபோதே தொடங்கிற்று. இரும்புருக்கு ஆலைகள் நிறைந்த அந்நகரின் எய்ர்சம் பார்க் மைதானத்தில் எட்டாண்டுகள் ஆடி, லீக் ஆட்டங்கள் 260-இல் 90 கோல்கள் அடித்தார். மூன்று பருவங்களில் சங்கத்தின் முதன்மைக் கோல்வீரராயும் இருந்தார். பெரும்பாலும் வலதுகோடியில் நின்று ஆடிய ஒருவர்க்கு இது அரிய கணக்கு. வில்ஃப் மேனியன் என்னும் மேதையின் பக்கத்திலே தொடங்கிய அவருடைய மிடில்ஸ்பரோ வாழ்வு, பிரையன் கிளஃப் என்னும் இளைஞரின் பக்கத்திலே முடிந்தது. 1954-இல் சங்கம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோதும் அவர் விலகவில்லை. ‘முதல் ஜமைக்காக்காரர்’ என்ற பட்டத்தை அவர்க்குச் சூட்டுவோர் இந்த எட்டாண்டு உழைப்பைக் கூறாமலே விடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. முதலில் வந்தது தற்செயலாகவும் இருக்கலாம்; 90 கோல் அடிப்பது தற்செயலாக நிகழ்வதன்று.

அவ்வுழைப்புக்குக் கிடைத்த ஊதியமும் விதியினால் வரையறுக்கப்பட்டதே. அவர் ஒப்பந்தமிட்ட காலத்தில் வீரர்க்குரிய அதிகபட்சக் கூலி வாரத்துக்கு 12 பவுன். 1958-இல் அது 20 பவுனாக உயர்ந்தது. 1961-இல் அவ்வரம்பே நீக்கப்பட்டது. டெலபென்ஹா 1958-இல் மான்ஸ்ஃபீல்டு டவுன் சங்கத்திற்குச் சென்று, 1961-இல் லீக் ஆட்டத்திலிருந்து விலகினார். அதாவது, அவருடைய லீக் வாழ்வு முழுவதும் அந்த வரம்புக்குள்ளேயே கழிந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரனையும் சங்கம் விடாது பிடித்துவைத்துக்கொள்ளும் முறை நியாயமற்றதென நீதிமன்றம் 1963-இல் தீர்ப்பளித்ததும் அவர்க்குப் பயன்படாது போயிற்று. இந்த அம்சத்தில் அவரும் அவருடைய ஆங்கிலேயத் தோழர்களும் சமமாகவே கட்டுண்டிருந்தனர்.

அவர் திறந்த வழியே பிறர் ஏன் தொடர்ந்து வரவில்லை? கிங்ஸ்டனிற் பிறந்த கில் ஹெரன் 1951-இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் சங்கத்தில் ஆடியது உண்மை. ஆனால் அவர் வட அமெரிக்காவில் வாழ்ந்து அங்கிருந்து வந்தவர். சில ஆட்டங்களோடு அவருடைய செல்டிக் வாழ்வு முடிந்தது. பின்னாளில் ஜமைக்காவிற் பிறந்த லூதர் பிளிசெட்டும் ஜான் பார்ன்ஸும் இங்கிலாந்து அணிக்கே ஆடினர் என்றால், அவர்கள் சிறுவயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்து சேர்ந்து அங்கே ஆட்டக்காரர்களாக உருவானவர்கள். தீவிலேயே வளர்ந்து ஆட்டம் கற்று, பின்னர் இங்கிலாந்து லீகை அடைந்தவர் என்ற வரிசையில் டெலபென்ஹாவுக்குப் பின் நெடுங்காலம் ஒரு வெற்றிடமே காணப்படுகிறது.

தீவில் அக்காலத்தே தக்க வீரர் இல்லை என்று சிலர் அதற்குக் காரணம் கூறலாம். அது பொருந்தாது. ஆலன் ‘ஸ்கில்’ கோல் என்னும் ஒருவரைச் சுட்டினாலே போதும். பாப் மார்லியின் உற்ற நண்பராக உலகம் அவரை அறிந்திருப்பினும், ஜமைக்கா மக்கள் தங்கள் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகவே அவரைப் போற்றினர். அவர் 1968-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்துச் சங்கத்திலும், 1970-களின் தொடக்கத்தில் பிரேசிலின் ரெசிஃபி நகரத்து நாட்டிக்கோ சங்கத்திலும் ஆடினார். பிரேசிலியரின் மதிப்பைப் பெற்ற கால்களுக்கு இங்கிலாந்தின் லீகில் இடமில்லாதிருந்திருக்குமோ? பாதை மறுபக்கம் திரும்பியதற்குத் திறமைக் குறைவு காரணமன்று.

காரணத்தைச் சட்டப் புத்தகத்திலே காணலாம். காமன்வெல்த் நாட்டினர் பிரிட்டனுட் புகுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1962 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது; ஜமைக்கா சுதந்திரம் பெற்றது அதே ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி. தீவுக்குச் சொந்தக் கொடி ஏறுவதற்கு ஐந்து வாரம் முன்னரே அதன் மக்களுக்குப் பழைய வாயில் ஒடுக்கப்பட்டுவிட்டது. 1971-ஆம் ஆண்டுச் சட்டமோ, காமன்வெல்த் நாட்டினருள் பெரும்பாலும் பிரிட்டனிற் பிறந்த தாயோ தந்தையோ உடையவர்க்கே அங்கே தடையின்றி வாழும் உரிமை என்றவாறு அதை மேலும் இறுக்கிற்று. மன்ரோ கல்லூரியும் பிரிட்டிஷ் படையும் ஒரு மாணவனை இங்கிலாந்தில் கொண்டுபோய்ச் சேர்த்த காலம் இங்ஙனம் முடிவுற்றது.

ஐரோப்பியர் நிலையோ நேர்மாறாக வளர்ந்தது. இரண்டாண்டு வாச விதி 1978-இல் நீங்கிற்று. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் அளித்த தீர்ப்பு, ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களை ஒன்றியத்தின் எந்நாட்டிலும் தடையின்றி ஆடச் செய்தது. 1948-இல் உள்ளே இருந்த ஜமைக்காக்காரர் வெளியேயும், வெளியே நின்ற இத்தாலியர் உள்ளேயும் ஆயினர். இதைவிட முழுமையான தலைகீழ் மாற்றம் விளையாட்டுச் சரித்திரத்தில் அரிது.

இந்நிலையில்தான் ரிக்கார்டோ கார்ட்னரின் வருகையை வைத்து நோக்கவேண்டும். 1978-இற் பிறந்து ஹார்பர் வியூ சங்கத்தில் ஆடிவந்த அவர்க்கு, வாயிலைத் திறந்த கருவி தேசிய அணியே. 1997 நவம்பர் 16-இல் கிங்ஸ்டன் தேசிய மைதானத்தில் மெக்சிகோவுடன் கோலின்றிச் சமன் செய்து, ஆங்கிலம் பேசும் கரீபிய நாடுகளுள் முதன்முதலாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஜமைக்கா அணி, அடுத்த ஆண்டு ஜூன் 14-இல் பிரான்சின் லான்ஸ் நகரில் குரோஷியாவை எதிர்த்து ஆடியது. இடப்பக்கத்தினின்று பத்தொன்பது வயதுக் கார்ட்னர் உயர்த்தியனுப்பிய பந்தை ராபி ஏர்ல் தலையால் முட்டி வலைக்குட் செலுத்தினார். உலகக் கோப்பையில் ஜமைக்காவின் முதற் கோல் அது. பந்தை அனுப்பியவர் தீவில் வளர்ந்தவர். முட்டியவர் இங்கிலாந்திற் பிறந்து வளர்ந்து, தம் வம்சத்தின் உரிமையால் ஜமைக்காவுக்கு ஆட வந்தவர். சட்டத்தின் இரு கரைகளிலும் பிரிந்து நின்ற ஒரே மக்கள் அந்த ஒரு கணத்தில் ஒன்றுகூடியதை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்த ஆட்டத்தில் ஜமைக்கா 3–1 எனத் தோற்றதும், அர்ஜென்டினாவிடம் 5–0 எனத் தோற்றதும், தியடோர் விட்மோர் அடித்த இரு கோல்களால் ஜப்பானை 2–1 என வென்றதும் எல்லாரும் அறிந்தவை.

அந்த ஆகஸ்டில் ஜமைக்கா உலகத் தரவரிசையில் 27-ஆம் இடம் பெற்றது. அதே மாதத்தில் போல்டன் வாண்டரர்ஸ் சங்கம் பத்து லட்சம் பவுன் கொடுத்துக் கார்ட்னரை வாங்கிற்று. இவ்விரண்டும் தொடர்பில்லாதவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியேயிருந்து வரும் வீரனுக்கு வேலை அனுமதி வேண்டும். தன் தேசிய அணியில் இடையறாது ஆடும் தரமுடையவன் என்று அவன் காட்டவேண்டும். சிறிது காலத்துக்குள் அந்நிபந்தனை, அணியின் முக்கியப் போட்டிகளில் இரண்டாண்டுக்குள் 75 சதவீதம் ஆடியிருத்தல், நாடு தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருத்தல் என்று எண்களாகவே வகுக்கப்பட்டது. தனிமனிதனுடைய பிழைப்பு தேசத்தின் தரவரிசையைச் சார்ந்து நின்றது. டெலபென்ஹா தமக்கென ஒரு தேசமில்லாத காலத்தில் சாம்ராஜ்யப் பிரஜையாகச் சென்றார். தேசம் ஒன்று இருந்தமையாலும், அது பந்தாட்டத்தில் வென்றமையாலுமே கார்ட்னர் சென்றார். விட்மோர் ஹல் சிட்டிக்கும் வால்டர் பாய்ட் ஸ்வான்ஸிக்கும் 1999-இல் சென்றது இதே கதவின் வழியாகத்தான்.

கார்ட்னர் போல்டனில் பதினான்கு ஆண்டுகள் இருந்தார். 2001 மே மாதம் கார்டிஃப் நகரில் பிரஸ்டன் சங்கத்துக்கு எதிரான ஏற்றப் போட்டியின் இறுதியாட்டத்தில், கடைசி நிமிஷங்களில் பந்தைத் தனியே ஓட்டிச் சென்று மூன்றாவது கோலை அடித்தார். போல்டன் பிரிமியர் லீகுக்கு ஏறிற்று. கோடிவீரராக வந்தவர் மேலாளர் சாம் அலர்டைஸின் கீழ் பெரும்பாலும் இடப்பக்கக் காவலராக மாறி, அம்மாற்றத்தை மனமுவந்து ஏற்றார். 2007 நவம்பரில் யூஃபா கோப்பையில் பயர்ன் மியூனிக் சங்கத்தை அதன் சொந்த மைதானத்திலேயே எதிர்த்து முதற் கோல் அடித்தார். ஆட்டம் 2–2 என முடிந்தது. 2012-இல் போல்டன் பிரிமியர் லீகினின்று இறங்கிய ஆண்டிலே அவரும் விடைபெற்றார். இடையில் நூற்றுக்கு மேற்பட்ட முறை தாய்நாட்டுக்காகவும் ஆடினார். இங்கிலாந்தின் பனிக்கால வாரத்தின் நடுவே அட்லாண்டிக் கடந்து சென்று ஆடி மீளும் உழைப்பு டெலபென்ஹாவுக்கு நேராதது.

பெல்ஜியம், ஜெர்மனி நாடுகளின் வழியாக 2021-இல் ஆஸ்டன் வில்லாவை அடைந்த லியோன் பெய்லியின் வாழ்வு, தனியார் பயிற்சிக்கூடம் என்னும் புதிய ஸ்தாபனத்தைச் சார்ந்தது. அது தனி ஆராய்ச்சிக்குரியது. இங்கே குறிக்கத்தக்கது ஒன்று: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று முற்றும் விலகியபின், 2021 ஜனவரி முதல், ஸ்பானியரும் ஜமைக்காக்காரரும் ஒரே புள்ளிமுறைக்கு உட்பட்டு அனுமதி கோரவேண்டியவராயினர். இருவரும் ஒரே வரிசையில் நின்றனர்.

டெலபென்ஹா 1964-இல் தாயகம் திரும்பி, ஜமைக்கா ஒலிபரப்புக் கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவராய்ப் பணியாற்றி, 2017 ஜனவரி 26-இல் கிங்ஸ்டனிற் காலமானார். அவர்க்கும் கார்ட்னருக்கும் இடைப்பட்ட ஐம்பதாண்டில், இங்கிலாந்து லீகில் ஆடத்தக்க திறமிருந்தும் தீவிலேயே ஆடி ஓய்ந்தவர் பலர் இருந்திருக்கவேண்டும் என்பது என் துணிபு. அவர்கள் பெயர்கள் மானிங் கோப்பை முதலிய பள்ளிப் போட்டிகளின் பதிவுகளிலும் பழைய கிங்ஸ்டன் நாளிதழ்களிலும் கிடைக்கத்தக்கவை. சென்றவர்களைப் பற்றி எழுதுவோர் செல்லவொட்டாது தடுக்கப்பட்டவர்களையும் சேர்த்து எழுத முன்வரவேண்டும். அவர்களோடு ஆடியவர்கள் உயிரோடிருக்கும்போதே அப்பணி தொடங்கப்பெற வேண்டும்.